பூவேலைக்கு ஒரு தாங்கி: எதைத் தெரிவு செய்வது?

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது எம்மவரிடையே வழங்கும் பழமொழி. தொழில் தெரியாதவர் கருவியைக் குறை கூறுவார் என்பது இதன் பொருள். தையல் பழகும் பெண்களிடம் இப்பழமொழியை நாமும் பல தடவை சொல்லியிருக்கிறோம். ஆனால் சில வேளைகளில் கூடம் உண்மையிலேயே கோணலாக இருப்பதுண்டு. இதனை முள்ளியவளையில் ஒரு பெண்ணிடமிருந்தே நாம் கற்றுக்கொண்டோம்.

அப்பெண் 2009 ஆம் ஆண்டு, போரின் இறுதி நாட்களில், இடது கையை முழங்கைக்குக் கீழே இழந்தவர். பாடசாலையில் மனைப்பொருளியல் படித்த காலத்தில் சங்கிலித் தையலும் தண்டுத் தையலும் நேர்த்தியாகப் போட்டவர். பூவேலை வகுப்புக்கு ஒழுங்காக வருவார். வந்து, ஒரு பக்கமாக இருந்து, மற்றவர்கள் தைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் நாம் அருகே சென்று, "தங்கச்சி, நீங்கள் ஏன் தைக்கேல்லை?" என்று கேட்டோம்.

"பாதர், எனக்குத் தையல் மறக்கேல்லை. இந்த வளையத்தை ஆரேன் பிடிச்சுத் தந்தால் நான் தைப்பன்" என்றார்.

வளையத்தைப் பிடித்துத் தருவதற்கு ஓர் ஆள் நாள் முழுவதும் அருகில் இருக்க முடியாது. ஆனால் மரத்தாலும் ஆணியாலும் அந்த வேலையைச் செய்விக்கலாம். எம் பெண்கள் 'ஸ்ராண்ட்' என்று கூறும் அத்தாங்கியைப் பற்றியதே இக்கட்டுரை. எவ்வகைத் தாங்கிகள் உள்ளன, எவருக்கு எது பொருந்தும், எதை வாங்காமல் விடுவது நல்லது என்பவற்றை, நாம் விட்ட பிழைகளையும் மறைக்காமல், இங்கு விளக்க முற்படுகிறோம்.

தாங்கி எதற்காக?

பூவேலை செய்யும் துணி தளர்ந்திருக்கக் கூடாது. தளர்ந்த துணியில் நூலை இழுத்தால் துணி சுருங்கும்; தைத்த பூ முகம் சுளித்தது போல் ஆகிவிடும். ஆகவே துணியை வளையத்திலோ நாற்சட்டத்திலோ இழுத்துக் கட்டுகிறோம். மத்தளத்தின் தோலைப் போல் அது விறைப்பாக இருக்க வேண்டும். விரலால் தட்டினால் ஒலி எழ வேண்டும். கோவலன் கூத்துக்குப் பேர்போன முள்ளியவளையில் மத்தளத்தை உவமையாகச் சொன்னால் எவருக்கும் உடனே விளங்கும். பிரெஞ்சு மொழியிலும் இவ்வளையத்துக்கு மேளம் என்றே பெயர். 'தம்பூர்' என்பது அச்சொல்.

வளையத்தை ஒரு கையால் பிடித்தால் தைப்பதற்கு ஒரு கைதான் மிஞ்சும். அந்தக் கை ஊசியை மேலிருந்து குத்தி, கீழே சென்று இழுத்து, மீண்டும் கீழிருந்து குத்தி, மேலே வந்து இழுக்க வேண்டும். தாங்கி இருந்தால் ஒரு கை துணிக்கு மேலேயும் மற்றக் கை துணிக்குக் கீழேயும் நின்று ஊசியைக் கொடுத்து வாங்கும். வேலை விரைவாகும், தையல்களும் ஒரே அளவாக விழும்.

இன்று திருமணத்துக்கான சாறிப் பிளவுஸ்களில் பலரும் கேட்கும் ஆரி வேலைக்குத் தாங்கி கட்டாயம் தேவை. ஆரி ஊசியின் நுனியில் சிறு கொக்கி உண்டு. மேற்கை அக்கொக்கியைத் துணியில் இறக்கும். கீழ்க்கை நூலைக் கொக்கியில் மாட்டிக் கொடுக்கும். கொக்கி நூலை மேலே இழுத்துச் சங்கிலித் தையலாக்கும். இரண்டு கைகளும் வேலையில் இருப்பதால், சட்டத்தைப் பிடிக்க மூன்றாவது கை ஒன்று வேண்டும். அந்த மூன்றாவது கைதான் தாங்கி. ஆரி பழக வரும் பெண் ஊசியை மட்டும் வாங்கி வந்தால் முதல் நாளே தடுமாறுவதற்குக் காரணம் இதுவே.

உடல்நலத்தையும் நாம் கவனிக்க வேண்டும். மனிதரின் தலை ஏறக்குறைய 4 முதல் 5 கிலோ நிறையுடையது. அது நிமிர்ந்திருக்கும்போது முள்ளந்தண்டு அதனைச் சுமக்கிறது. முன்னே குனியக் குனிய, கழுத்தின் பின்புறத் தசைகள் அதனை இழுத்துப் பிடிக்க வேண்டியுள்ளது. மடியில் வைத்த வளையத்தின் மேல் குனிந்து நாளாந்தம் மூன்று நான்கு மணித்தியாலம் தைக்கும் பெண்களுக்குக் கழுத்து நோவும் தோள் நோவும் வருவதில் வியப்பில்லை. வளையத்தை இறுக்கிப் பிடிக்கும் கையில் பெருவிரலின் அடி நோகும். சிலருக்கு விரல்கள் விறைக்கும். "வயது போகுது" என்று சொல்லி இதனைப் பொறுத்துக்கொள்வோர் பலர். வயதின் மீது போடும் பழியில் ஒரு பங்கு வளையத்தைச் சேரும்.

தொழிலோடு பிறந்த கருவி

தாங்கி என்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்குப் பொருள் என்று சிலர் கருதுகின்றனர். பூவேலையால் சீவித்தவர்கள் அதனை அப்படிக் கருதவில்லை. வட இந்தியாவில் லக்னோ நகரின் சரிகை வேலையான சர்தோசி 2013 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அத்தொழிலாளர் 'அட்டா' எனப்படும் பெரிய நாற்சட்டத்தில் துணியைக் கட்டி, அதனைத் தாழ்வான தாங்கிகளில் கிடையாக வைத்து, சுற்றிவரத் தரையில் அமர்ந்து தைக்கிறார்கள். ஒரே துணியில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்வார்கள். தமிழ்நாட்டிலும் எமது பகுதியிலும் ஆரி வேலைக்குப் பயன்படும் சட்டம் இதன் சிறிய வடிவம் எனலாம்.

ஐரோப்பாவிலும் இவ்வாறே. பிரான்ஸ் நாட்டின் அரச பூவேலைச் சித்திரக்காரரான சார்ள்ஸ் ஜெர்மெய்ன் து செயின்ற் ஒபின் என்பவர் 1770 ஆம் ஆண்டில் பூவேலைத் தொழில் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் சட்டங்களையும் அவற்றில் தைக்கும் முறையையும் படங்களாக வரைந்து விளக்கினார். இலண்டனில் 1872 இல் தொடங்கப்பட்ட அரச தையற்கலைப் பாடசாலை, 1953 இல் இரண்டாம் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டு மேலங்கியைத் தைத்தது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய அத்துணியில் 12 பெண்கள் 3,500 மணித்தியாலத்துக்கு மேல் பொன்நூல் வேலை செய்தார்கள். அதே விழாவில் அவர் அணிந்த கவுணிலோ எமது நாட்டுக்கும் ஓர் இடம் இருந்தது. பொதுநலவாய நாடுகளின் மலர்களையும் செடிகளையும் அதில் தைத்தபோது, அன்றைய இலங்கைக்காகத் தாமரை தைக்கப்பட்டது.

எமது தென்பகுதிக்குச் சென்றால், காலி, மாத்தறைக் கரையோரப் பெண்கள் 'பீரளு' எனப்படும் லேஸ் பின்னுவதைக் காணலாம். வைத்துப் பின்னும் திண்டு ஒன்று அவர்கள் முன் இருக்கும். நூல் சுற்றிய மரக்குச்சிகள் அத்திண்டிலிருந்து தொங்க, இரு கைகளாலும் அவற்றை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவார்கள். திண்டு இல்லாமல் அத்தொழிலே இல்லை.

வடபகுதியிலும் தையற்கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1824 இல் உடுவிலில் அமெரிக்க மிஷன் பெண்கள் பாடசாலை தொடங்கியது. 1862 இல் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்தனர். அத்தகைய பாடசாலைகளிலும் மடங்களிலும் தையல் ஒரு பாடமாகவே கற்பிக்கப்பட்டது. ஆனால் வீட்டுக்கு வந்தபின் பெண்களின் கையில் இருந்தது பெரும்பாலும் ஒரு வளையம் மட்டுமே. தலையணை உறைக்கும் கைக்குட்டைக்கும் அது போதும். கூலிக்குத் தைக்கும் இன்றைய வேலைக்கு அது போதாது.

தாங்கியின் வகைகள்

1. மேசைப் பிடி: மேசை விளிம்பில் திருகாணியால் இறுக்கிப் பூட்டி, அதன் தண்டில் வளையத்தை மாட்டும் வகை. சிறியது, விலை குறைந்தது. ஆனால் உறுதியான மேசை வேண்டும். பிளாஸ்ரிக் மேசையில் பூட்டினால் மேசையே ஆடும்.

2. இருக்கைத் தாங்கி: தட்டையான பலகை ஒன்றும் அதில் நிறுத்திய தண்டும் தண்டின் மேல் வளையமும் கொண்டது. பலகையைத் தொடையின் கீழ் வைத்து அதன் மேல் இருந்துகொண்டால் உடல் நிறையே அதனைப் பிடிக்கும். கதிரையிலும் பாயிலும் பயன்படுத்தலாம். எங்கும் கொண்டு செல்லலாம்.

3. நிலத் தாங்கி: நிலத்தில் நிற்கும் கால்களும், உயர்த்தித் தாழ்த்தக்கூடிய தண்டும், சாய்க்கக்கூடிய தலையும் உள்ளது. கதிரையில் இருந்து தைப்பவருக்குரியது. விலை கூடியது.

4. நாற்சட்டமும் இரு தாங்கிகளும்: நான்கு மரச்சட்டங்களைப் பூட்டித் துணியைச் சுற்றிவர நூலால் இழுத்துக் கட்டி, இரு பக்கமும் குதிரை போன்ற தாங்கிகளில் வைப்பது. ஆரி வேலைக்கும், சாறிக் கரைக்கும், பெரிய திரைச்சீலை, பீடத்துணி முதலியவற்றுக்கும் இதுவே ஏற்றது.

நாம் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பூவேலை வகுப்புக்காக நாற்சட்டத் தாங்கிகளைச் செய்வித்தோம். ஒரு படத்தைத் தச்சரிடம் காட்டி, 28 அங்குல உயரத்தில், எல்லாம் ஒரே அளவாகச் செய்யும்படி கூறினோம். வகுப்பில் பிளாஸ்ரிக் கதிரைகள் இருந்தன. வேலை நன்றாகவே நடந்தது. பயிற்சி முடிந்ததும் தாங்கிகளைப் பெண்களுக்கே கொடுத்தோம். படம் எடுத்தோம், மகிழ்ந்தோம்.

ஆறு மாதம் கழித்து வீடு வீடாகச் சென்று பார்த்தோம். ஒரு வீட்டில் தாங்கியின் மேல் குடம் இருந்தது. இன்னொரு வீட்டில் பிள்ளைகளின் உடுப்பு காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் முன்போலவே பாயில் இருந்து, மடியில் வளையத்தை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் மிக எளியது. வீட்டில் அவர்கள் தரையில் இருந்தே தைப்பார்கள். பிள்ளையையும் அடுப்பையும் பார்த்துக்கொண்டு தைப்பதற்குத் தரையே வசதி. 28 அங்குலத் தாங்கி தரையில் இருப்பவரின் தலைக்கு நேரே நிற்கும்! அந்தப் பெண்களில் ஒருவரிடமாவது, "அம்மா, வீட்டில் எப்படி இருந்து தைப்பீங்கள்?" என்று நாம் முதலிலேயே கேட்கவில்லை.

பிறகு என்ன செய்தோம்? வாளை எடுத்து வரச்சொல்லிக் கால்களை அறுத்தோம். ஒவ்வொருவரையும் பாயில் இருத்தி, அவரவர் அளவுக்கு அறுத்தோம். அன்று தொடக்கம் அவை தாங்கிகளாயின.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

அந்த அனுபவத்திலிருந்து, தாங்கியைப் பற்றிப் பேச முன்னர் பின்வரும் கேள்விகளைக் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். வாசகர்களும் இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாவது, எங்கே, எப்படி இருந்து தைக்கிறேன்?

தாங்கியின் உயரத்தைத் தீர்மானிப்பது முழங்கையே. வழமையாகத் தைக்கும் இடத்தில் நிமிர்ந்து இருந்து, தோளைத் தளர்த்தி, முழங்கையை மடியுங்கள். நிலத்திலிருந்து முழங்கை வரை மற்றொருவர் நூலால் அளக்கட்டும். துணியின் மட்டம் அந்த உயரத்தில், அல்லது அதற்கு ஓரிரு அங்குலம் மேலே இருக்க வேண்டும். கதிரையில் இருப்பவர் பலருக்கு இது 26 அங்குலத்துக்கு அண்மையிலும், சம்மணம் கட்டி இருப்பவருக்கு ஓர் அடிக்கு அண்மையிலும் வரும். எனினும் உங்கள் நூல் காட்டும் அளவே உங்களுக்குரிய அளவு. சட்டத்துக்கும் மடிக்கும் இடையில் கீழ்க்கை தடையின்றி அசைய, நான்கு விரல் அகலமாவது இடைவெளி வேண்டும். தரையில் இருப்பவர் சிறு பலகையிலோ மடித்த போர்வையிலோ இருந்தால் இடுப்பு உயர்ந்து முழங்கால் தாழும், முதுகும் நிமிரும்.

இரண்டாவது, எதைத் தைக்கிறேன்?

கைக்குட்டை, தலையணை உறை, பிள்ளைச் சட்டை என்றால் வளையமும் இருக்கைத் தாங்கியும் போதும். ஆரி வேலை, மணி, சமிக்கி என்றால் நாற்சட்டம் தேவை. ஏனெனில் மணி தைத்த இடத்தின் மேல் வளையத்தை மாற்றிப் பூட்டினால் மணிகள் நசியும். ஒரு பிளவுஸின் முதுகுப் பகுதி முழுவதும் ஒரே கட்டில் அடங்கினால் துணியை இடையில் கழற்ற வேண்டியதில்லை. ஆகவே சட்டத்தின் உள்ளளவைத் தீர்மானிக்குமுன், வழமையாகத் தைக்கும் மிகப் பெரிய துண்டை அளந்து, நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பெரிதாக்குவது வீண். கை எட்டாத இடத்தைத் தைக்க உடம்பை வளைக்க வேண்டி வரும்.

மூன்றாவது, ஆடாமல் நிற்குமா?

துணியின் நடுவில் ஒரு விரலால் அழுத்திப் பாருங்கள். தாங்கி அசைந்தால் அதனை வாங்க வேண்டாம். ஒவ்வொரு குத்துக்கும் அது அசையும். கண்ணும் கையும் அந்த அசைவைத் துரத்திக் களைக்கும். எம் வீடுகளில் மண் தரையும் வெடித்த சீமெந்துத் தரையும் உண்டு. நான்கு கால் தாங்கி அத்தகைய தரையில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மூன்று கால் தாங்கி எந்தத் தரையிலும் ஆடாது. அடுப்புக்கு மூன்று கல் வைத்த எம் முன்னோர் அறிந்த உண்மை இது. நிறை குறைந்த தாங்கி என்றால், பழைய துணியில் தைத்த பைக்குள் மணல் நிரப்பிக் காலின் மேல் போட்டுவிடுங்கள். முல்லைத்தீவில் மணலுக்குப் பஞ்சமில்லை.

நான்காவது, துணியின் பின்பக்கம் எட்டுமா?

நூலை முடியவும் வெட்டவும் துணியின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். நல்ல தாங்கியில் வளையத்தைக் கழற்றாமலே திருப்பலாம், அல்லது சட்டத்தை ஒரு கையால் தூக்கிச் சாய்க்கலாம். நான்கு ஆணிகளைக் கழற்றிய பின்னரே திருப்பலாம் என்றால், தைப்பவர் பின்பக்கத்தைப் பார்க்காமலே விட்டுவிடுவார். கழுவிய முதல் நாளே நூல் அவிழும். வாடிக்கையாளர் இரண்டாம் முறை வரமாட்டார்.

ஐந்தாவது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, வேலை முடிந்ததும் இதை எங்கே வைப்பது?

வலக்கையால் தைப்பவருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் கையின் நிழல் தையலில் விழும். ஆகவே யன்னலோரத்தில் அல்லது விறாந்தையில் தாங்கி அடங்குமா என்று முதலில் அளந்து பாருங்கள். இரவில் தைப்பவர் எல்.ஈ.டி. மின்குமிழை அதே பக்கத்தில், கண்ணில் படாதவாறு வைக்கலாம். இரண்டு அறை வீட்டில் இரவு அதே இடத்தில் பாய் விரிக்க வேண்டும். ஆகவே மடித்துச் சுவரோடு சாய்த்து வைக்கக்கூடிய தாங்கியே நல்லது. பல தடவை இடம்பெயர்ந்த எமது மக்களுக்குத் தூக்க முடியாத பொருளின் பாரம் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

ஒரு கையால் தைப்பவருக்கு

தொடக்கத்தில் குறிப்பிட்ட சகோதரிக்கு எதைத் தெரிவு செய்வது என்பதை நாம் அவரோடு சேர்ந்தே கண்டுபிடித்தோம். முதலில் கொடுத்த இருக்கைத் தாங்கி சரிவரவில்லை. அவர் ஒரு கையால் நூலை இழுக்கும்போது தாங்கி அப்பக்கமாகத் திரும்பியது. மற்றவர்கள் தம்மை அறியாமலே மறுகையால் அதனைத் தடுப்பார்கள். அவருக்கு அது முடியாது. பின்னர் கனமான அடிப்பலகையும் அதன் இடப்பக்கத்தில் தண்டும் உள்ள தாங்கியைச் செய்வித்தோம். தண்டு கையில்லாத பக்கம் நின்றதால், தைக்கும் கைக்கு மேலும் கீழும் வழி திறந்திருந்தது.

வளையத்தில் துணியை மாட்டுவது அடுத்த சிக்கல். உள்வளையத்தைத் தாங்கியில் நிரந்தரமாகப் பொருத்தினோம். துணியை அதன் மேல் விரித்து, வெளிவளையத்தை மேலிருந்து அழுத்தி, கையால் திருகக்கூடிய பெரிய தலையுள்ள திருகாணியால் இறுக்கலாம். ஊசியில் நூல் கோப்பதற்கு, தாங்கியின் விளிம்பில் பஞ்சு அடைத்த சிறு திண்டு ஒன்று. ஊசியை அதில் நேராகக் குத்தி நிறுத்தினால் ஒரு கையாலேயே நூலைக் கோக்கலாம். கத்தரிக்கோலுக்கு ஒரு கொக்கி. இவையெல்லாம் சில்லறை வேலைகள். ஆனால் இவற்றில் ஒன்று குறைந்தாலும் அவர் மற்றொருவரைக் கூப்பிட வேண்டியிருந்திருக்கும்.

ஆரி வேலை அவருக்குப் பொருந்தவில்லை. கீழிருந்து நூல் கொடுக்க ஒரு கை வேண்டுமே. சாதாரண ஊசியால் போடும் சங்கிலித் தையல், தண்டுத் தையல், நிரப்புத் தையல் ஆகியவற்றைச் செய்கிறார். இரு கையாலும் தைப்பவரைவிட நேரம் கூடத்தான் எடுக்கிறது. ஆகவே அவசரக் கட்டளைகளை ஏற்காமல், நாட்குறிப்பிட்டு வேலை எடுக்கிறார். தாங்கி எல்லாக் குறையையும் தீர்த்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. எந்த வேலை முடியும், எது முடியாது என்பதைத் தைப்பவர் தாமே சோதித்துப் பார்க்க அது வழி திறக்கிறது.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கால்களில் உணர்ச்சி இல்லாதவர் இருக்கைத் தாங்கியின் பலகையைத் தொடையின் கீழ் வைக்கவே கூடாது. பலகை அழுத்துவதை அவர் உணரமாட்டார்; அழுத்தப் புண் உண்டாகும். அப்புண் ஆற மாதங்கள் செல்லும். சில வேளை உயிருக்கும் ஆபத்தாகும். அவர்களுக்கு ஏற்றது நாற்சட்டம். முன்பக்கக் குறுக்குச் சட்டம் இல்லாமல், முழங்காலும் நாற்காலியின் கைப்பிடியும் உள்ளே நுழையும் உயரத்தில் தாங்கிகளை அமைக்க வேண்டும். தையலில் மூழ்கி அசையாமல் இருப்பதும் ஆபத்து. இடையிடையே உடலை உயர்த்தி அழுத்தத்தைத் தணிக்க மறக்கக் கூடாது.

ஊர்த் தச்சரிடம் செய்வித்தல்

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் போது இறக்குமதிப் பொருட்களின் விலை எங்ஙனம் ஏறியது என்பதை அனைவரும் அறிவோம். தாங்கியை ஊரிலேயே செய்விக்கலாம். கதவு, யன்னல் செய்யும் தச்சுப் பட்டறைகளில் மிஞ்சும் துண்டு மரங்களே போதுமானவை. தேக்கு, வேம்பு போன்ற நன்கு காய்ந்த மரம் வேண்டும். பச்சை மரம் காயும்போது முறுகும், சட்டம் கோணும். பனஞ்சிலாகை உறுதியானது என்றாலும் அதன் நார் துணியில் கொழுவி இழை இழுக்கும். ஆகவே துணி படும் இடங்களில் அதனைத் தவிர்க்கவும்.

மரத்தைச் சான்ட்பேப்பரால் வழவழப்பாகத் தேய்க்க வேண்டும். வார்னிஷ் பூசினால் அது முற்றாகக் காயும் வரை துணியை அண்டவிடக் கூடாது. கடற்காற்று வரும் இடங்களில் இரும்பு ஆணி விரைவில் துருப்பிடிக்கும். துருக்கறை வெள்ளைத் துணியை விட்டுப் போகாது. துணி படும் பக்கத்தில் ஆணித்தலை தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்வளையத்தைப் பருத்தி நாடாவால் சுற்றினால் துணி வழுக்காது, தடமும் குறையும். வளையத்தில் துணியை இரவில் விட்டுவைக்காமல் கழற்றிவிட வேண்டும். நாற்சட்டத்தில் கட்டிய துணியை அப்படியே விடலாம்; தூசி படாமல் வெள்ளைத் துணியால் மூடினால் போதும்.

பணத்தைப் பற்றி ஒரு சொல்

தாங்கி பிழைப்புக்கான கருவி. ஆகவே அதற்கும் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு தாங்கிக்கு 6,000 ரூபா செலவாகிறது என்றும், நூல், மணிச் செலவு போக ஒரு பிளவுஸில் 500 ரூபா மிஞ்சுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 12 பிளவுஸ் தைத்த பிறகே தாங்கி சொந்தமாகும். மாதம் இரண்டு வேலைதான் வருகிறது என்றால் ஆறு மாதம். கிழமைக்குக் கிழமை கட்டும் கடனில் அதனை வாங்கினால், முதல் பிளவுஸ் முடியுமுன்னரே முதல் தவணை வாசலில் வந்து நிற்கும். நுண்கடனால் எமது பெண்கள் பட்ட பாடு சிறிதல்ல. 2018 ஆம் ஆண்டில், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களை நீக்குவதற்கு அரசாங்கமே ஒரு திட்டத்தை அறிவிக்க வேண்டியிருந்தது. அந்த வழியில் மீண்டும் செல்ல வேண்டாம்.

லக்னோத் தொழிலாளரைப் போல, அயலில் உள்ள மூன்று நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு நாற்சட்டத்தைச் செய்விக்கலாம். அப்படிச் செய்தால் அது எவர் வீட்டில் இருக்கும், எவருக்கு எந்த நாள், உடைந்தால் எவர் திருத்துவது என்பவற்றை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவ்வாறு எழுதாமல் தொடங்கிய கூட்டு, சட்டம் உடையுமுன்னரே உடைந்ததை நாம் கண்டிருக்கிறோம்.

முதலில் இதைச் செய்து பாருங்கள்

எதையும் வாங்குமுன் ஒரு கிழமை சோதித்துப் பாருங்கள். தரையில் இருந்து தைப்பவர் இரு பக்கமும் செங்கல் அடுக்கி, அவற்றின் மேல் சட்டத்தை வைக்கலாம். கதிரையில் இருப்பவர் ஒரே உயரமான இரண்டு ஸ்ரூல்களையோ வாங்குகளையோ பயன்படுத்தலாம். ஒரு கல்லைக் கூட்டியும் குறைத்தும் தைத்துப் பாருங்கள். அரை மணித்தியாலம் தைத்த பின் கழுத்து நோகிறதா, தோள் உயர்கிறதா, கண் துணியை நோக்கிக் குனிகிறதா என்று கவனியுங்கள். நோவு இல்லாத உயரம் கிடைத்ததும் அதனை நூலால் அளந்து, நூலில் முடிச்சுப் போட்டு வையுங்கள். தச்சரிடம் போகும்போது படத்தை விட்டுவிட்டு அந்த நூலைக் கொண்டு போங்கள்.

அந்தச் சகோதரி இப்போது வகுப்பில் மூலையில் இருப்பதில்லை. புதிதாக வருபவர்களைப் பாயில் இருத்தி, நூலைப் பிடித்து முழங்கை உயரம் அளப்பவர் அவர்தான். நூலின் ஒரு நுனியை வரும் பெண் தானே நிலத்தில் மிதித்துக்கொள்ள, மறு நுனியை அவர் முழங்கைக்குக் கொண்டு வந்து பிடிக்கிறார். அந்த அளவு எழுதப்படும் வரை எமது தச்சர் மரத்தை அறுப்பதில்லை.